மலிவு யாருக்கு?

நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லைக்குள் நுழைந்தால் பெட்ரோல் மலிவு. வண்டி வைத்திருக்கும் மாணவர்கள் பட்டினச்சேரிப் பக்கம் வந்து டேங்கை நிரப்பிப் போகலாம். 2017 ஜூலை 1 அன்று வந்த ஜிஎஸ்டிக்குள் பெட்ரோல் இல்லை. வாட் வரியை அந்தந்த அரசே வைக்கிறது. புதுச்சேரி வைக்கும் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு.

வண்டியே இல்லாத சேரிப் பிள்ளைக்கு இதில் என்ன லாபம்? ஒரு லிட்டருக்குப் பண்ணையார் கட்டும் வரியைத்தான் கூலித் தொழிலாளியும் கட்டுகிறார். டீசல் வரியோ லாரி வாடகையாகி, நாம் வாங்கும் அரிசி விலையிலும் ஏறுகிறது. வருமானம் பாராத இந்த வரி சமத்துவம் அல்ல, சுரண்டல்.

தோழர்களே, எல்லையோர மலிவு சலுகைதான், உரிமை அல்ல. ஊரோடு நின்றுவிடாமல் சேரிவரை, கல்லூரி நேரத்துக்கு வரும் அரசுப் பேருந்தே நம் கோரிக்கை. அதைக் கேட்போம்!