பகிடி எவரை நோக்கி?



நமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பழைய ஆங்கில நகைச்சுவை நாடகங்களைத் தேடிப் பார்க்கின்றனர். 1977ல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஆரம்பமான ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ அவற்றுள் ஒன்று. லண்டனில் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கும் வகுப்பறையே கதைக்களம். பாகிஸ்தானிய முஸ்லிமான அலியும் சீக்கியரான ரஞ்சித்தும் அதில் அடிக்கடி சண்டையிடுவர். ரஞ்சித்தாக நடித்த அல்பர்ட் மோசஸ் நமது கம்பளையில் பிறந்தவர். இனங்களை இழிவுபடுத்துகிறது எனக் கருதிய தொலைக்காட்சி அதிகாரி மைக்கேல் கிரேட் அதனை நிறுத்தினார்.

1965ல் வந்த ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ வேறு வகை. அதன் நாயகன் ஆல்ஃப் கார்னெட் ஓர் இனவெறியன். அவனைப் பார்த்து மக்கள் சிரிக்க வேண்டுமென்றே ஜோனி ஸ்பைட் எழுதினார். பலரோ அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். எழுதியவரின் நல்ல நோக்கம் மட்டும் போதவில்லை.

அப்படியாயின் இவற்றைப் பார்க்கலாமா? தடுத்தால் பிள்ளை மறைவில் பார்க்கும். பக்கத்தில் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: “மகள், பகிடிக்குள்ளானவர் இப்போது நம் வீட்டில் விருந்தாளியாக இருந்தால், இப்படிச் சிரிப்பீர்களா?”

நமது பேச்சுத் தமிழை எவரேனும் பழித்துக் காட்டினால் நமக்கு நோகிறதல்லவா? அலியின் ஆங்கிலத்துக்குச் சிரிக்கும் பிள்ளைக்கு அந்த நோவை உணர்த்துங்கள். பரிகாசத்தை மார்க்கம் தடுத்திருப்பதும் அதனாலன்றோ!