எதைவிட?

காத்தோங்கின் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் லக்சா மணம் வீசும். அதே தெருவில் உலக நிறுவனங்களின் விளம்பரங்களும் உண்டு. ‘பெட்டர்’, ‘ஃபாஸ்டர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எதைவிடச் சிறந்தது? எதைவிட வேகமானது?

ஆங்கிலத்தில் சொல்லின் வாலிலேயே ஒப்பீடு ஒட்டிக்கொள்கிறது. மலாயில் ‘லெபிஹ்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் போதும். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை இரண்டிலும் சொல்லாமலே விடலாம்.

தமிழின் வழி வேறு. ‘அதைவிட இது மலிவு’ என்பதில் ‘மலிவு’ மாறவில்லை. ஒப்பீட்டைச் சுமப்பது ‘அதைவிட’. தொல்காப்பியமும் ஒப்பீட்டை, பெயரோடு சேரும் ‘இன்’ என்ற ஐந்தாம் வேற்றுமை உருபிடம்தான் ஒப்படைத்தது. ‘அதைவிட’வை எடுத்துவிட்டால் ‘இது மலிவு’ மட்டுமே மிஞ்சும். ‘இன்னும் மலிவு’ என்று சமாளிக்கலாம், ஆனாலும் ‘எதைவிட?’ என்ற கேள்வி போகாது.

இதனால் தமிழ் மற்ற மொழிகளைவிட உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால், ‘எதில்?’ என்று நீங்கள் கேட்க வேண்டும். எந்த மொழியிலும் ஏமாற்றலாம்; எந்த மொழியிலும் கேள்வி கேட்கலாம்.

அறிவியல் பாடமும் இதையே கற்பிக்கிறது. உரமிட்ட செடி வேகமாக வளர்ந்தது என்று சொல்ல, உரமிடாத செடி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். மண், நீர், வெயில் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கைப்பேசியோ காலணியோ வாங்கும் முன், அதன் விளம்பரத்தை ‘விட’ சேர்த்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தை நிரப்ப முடியாவிட்டால், பணப்பையைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.