ரத்தம் கெட்டியாகிவிட்டதாமே!

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரை நலம் விசாரிக்கப் போனால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ரத்தம் கெட்டியாயிடுச்சு, அதான் அடைச்சுக்கிச்சு. நீர்க்கிறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க." கூடவே பச்சைப் பூண்டும் காலையில் ஒரு சொம்பு வெந்நீரும் சிபாரிசாக வரும். இந்தப் பேச்சில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் தவறு.

முதலில் மாத்திரை. ஆஸ்பிரின், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுத்து, உறைவுக் காரணிகள் சிலவற்றை முடக்குகிறது. இரண்டுமே ரத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு எடுக்கும் ஐஎன்ஆர் பரிசோதனைகூட, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்றுதான் பார்க்கிறது.

சரி, ரத்தத்துக்குக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சிவப்பணுக்களிலிருந்து. ஆண்களுக்கு ரத்தத்தின் கொள்ளளவில் சுமார் 45 சதவீதம் அவைதான். லேப் ரிப்போர்ட்டில் பிசிவி என்றிருக்கும். ஆனால் இந்தக் கெட்டித்தன்மை, அதாவது பாகுத்தன்மை, ஒரே அளவில் நிற்பதில்லை. ஓட்டம் மந்தமானால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும், ரத்தம் கெட்டிப்படும். வேகமெடுத்தால் அடுக்கு கலைந்து இளகும். 1931இல் ஃபாரியஸ், லிண்ட்குவிஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் விந்தை. சுமார் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள குழாய்களில், குழாய் சிறுக்கச் சிறுக்க ரத்தம் இளகலாக ஓடுகிறது! அணுக்கள் நடுவில் திரள, சுவரோரம் பிளாஸ்மா வழுக்கிக்கொடுக்கிறது. சின்னக் குழாயில் ரத்தம் கெட்டியாகிச் சிக்கும் என்று நாம் போடும் கணக்குக்கு நேர் எதிர்.

அடைப்புக்கு வருவோம். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவசேய் கண்ணாடி நுண்குழாய்களை வைத்துக் கண்ட விதிப்படி, பாகுத்தன்மை இருமடங்கானால் ஓட்டம் பாதியாகும். ஆரம் பாதியானாலோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். நம் ரத்தக்குழாய் விரியும், சுருங்கும். விதி அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் குழாயின் அகலத்துக்குமுன் கெட்டித்தன்மை சின்ன விஷயம். மாரடைப்பில் பெரும்பாலும் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைகிறது. கோளாறு சுவரில்.

வெந்நீர்? நல்ல உடம்பில் மிகுதியான தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பூண்டு குழம்புக்கு நல்லது. ஸ்டென்டுக்கு மாத்திரைதான் வேண்டும். நீர்த்த ரத்தம் நல்லது என்பதும் சரியல்ல. ரத்தசோகையில் ரத்தம் நீர்த்துத்தான் இருக்கிறது. போதுமான ஆக்சிஜன் கொண்டுசேர்க்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

நிஜமாகவே ரத்தம் கெட்டிப்படும் நோய்கள் உண்டு. டெங்கு கடுமையானால் பிளாஸ்மா கசிந்து பிசிவி ஏறும். அதற்கு அளந்து சலைன் ஏற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் மிகையாகப் பெருகும் பாலிசைதீமியாவில் ரத்தத்தை வெளியே எடுத்தே பிசிவியை 45க்குக் கீழே கொண்டுவருகிறார்கள்.

"ரத்தம் ரொம்ப நீர்த்துப்போச்சு" என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அப்படி நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். பல் பிடுங்கப் போவதாக இருந்தாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.