தகடு நம் கைக்கு வந்தால் நம் கதையும் அச்சேறும்

தஞ்சோங் ரம்புத்தான் சுற்றுவட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளின் நினைவுகளை நண்பர்கள் சிலர் சேர்ந்து தொகுத்தோம். நாற்பது பக்கம், ஐந்நூறு பிரதி. ஓர் அச்சகத்தில் விலை கேட்டபோது, "பிளேட் வெளியில குடுத்துத்தான் செய்யணும் தம்பி. ஓர் எழுத்து மாத்தினாலும் புது பிளேட், புதுக் காசு" என்றார்கள். தொகுப்பு இன்னும் என் மடிக்கணினியில்தான் உறங்குகிறது. கதை சொன்ன பாட்டி ஒருவர் இப்போது இல்லை.

பிளேட் எனப்படும் அச்சுத் தகட்டைப் பற்றி அதன் பிறகுதான் படித்தேன். எண்ணெயும் நீரும் சேராது என்பதே ஆப்செட் அச்சின் அடிப்படை. 1796-இல் ஜெர்மானியரான அலோய்ஸ் செனஃபெல்டர் இதைக் கல்லில் செய்து காட்டினார். இன்று கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு. எழுத்துள்ள இடம் மையைப் பிடிக்கும். மற்ற இடம் நீரைப் பிடித்து மையை விலக்கும். மை தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கு மாறி, அதிலிருந்து தாளில் பதியும். நம் தாத்தாக்கள் சீவிய பால் எந்த நாட்டில் யார் கதையை அச்சிட்டதோ! அவர்கள் கதையை அச்சிடத்தான் நம்மிடம் வழியில்லை.

வழி இருக்கிறது. பெரிய அச்சகங்கள் லேசர் இயந்திரத்தால் செய்யும் தகட்டை இன்க்ஜெட் பிரிண்டராலும் செய்யலாம். ஒன்று, பக்கத்தை ஒளி ஊடுருவும் பிலிமில் அடர்ந்த கறுப்பில் அச்சிட்டு, ஒளியுணரும் பூச்சுள்ள தகட்டின்மேல் வைத்துப் புற ஊதா ஒளி பாய்ச்சுவது. கறுப்பு மறைத்த இடம் தங்கும். மற்றது கரைசலில் கழுவிப் போகும். மற்றொன்று, சிறப்பு மையால் தகட்டின்மேலேயே அச்சிட்டுச் சூடாக்கி இறுக்குவது. வீட்டு பிரிண்டரின் சாதாரண மை பெரும்பாலும் நீரில் கரைந்ததென்பதால் இதற்கு உதவாது.

குறைகளும் உண்டு. மை சற்றுப் பரவினாலும் 'ண', 'ழ' ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். புள்ளி விழாவிட்டால் 'அம்மா' 'அமமா' ஆகிவிடுவார். எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்து, முதலில் ஒரு பக்கம் சோதிக்க வேண்டும். நுண்ணிய வண்ணப் படங்களுக்கு லேசர் தகடே சிறந்தது. ஐம்பது பிரதி போதுமென்றால் டிஜிட்டல் அச்சே மலிவு. ஆனால் பள்ளி மலர், ஆலய மலர், தோட்ட வரலாறு போன்ற சில நூறு பிரதிகளுக்கு இந்த வழி பொருந்தும்.

அச்சு இயந்திரத்தை நாமே வாங்கி வைக்க முடியாது. 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். அதனால் இயந்திரம் உரிமம் பெற்ற சிறு அச்சகத்திடமே இருக்கட்டும். தகடு செய்யும் வேலையை அங்கேயே இளைஞர்கள் கற்றுக்கொள்ளலாம். கணினியில் தமிழ் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் தெரிந்த மாணவர்கள் நம்மிடம் நிறைய உண்டு. பழைய இயந்திரத்தின் நுணுக்கம் தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்தும் பயிற்சியைத்தான் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் இளைஞர் இயக்கங்களும் நடத்த வேண்டும்.

கைப்பேசியில் வரும் செய்தி நாளை அழிந்துவிடும். பாட்டியின் பேரப்பிள்ளை கையில் கொடுக்க எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். வரும் பருவ விடுமுறையில் எட்டுப் பக்கத்தையாவது இப்படி அச்சிட்டுப் பார்க்கப் போகிறேன்.