வேலை முடிந்தது என்று யார் சொல்வது?

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி பல ஆண்டுகள் மரம் சீவினார். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவல். பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. கூலி குறைவு, மழை பெய்தால் அதுவும் இல்லை. அதைப் பொற்காலம் என்று பாட்டியே சொல்லமாட்டார். ஆனால், அந்த வேலைக்கு ஒரு முடிவு இருந்தது.

என் பெரியம்மா மகள் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். வயது 25. வேலைக்கென்றே அவர் கைப்பேசியில் ஒன்பது புலனக் குழுக்கள் இருக்கின்றன. இரவு பத்தரைக்கு ஒரு செய்தி வரும். “அவசரமில்லை” என்றுதான் இருக்கும். படித்த பிறகு தூக்கம் வராது. “வேலையைவிட வேலையைப் பற்றிய செய்திகள்தான் களைப்பாக்குகின்றன” என்கிறார் அக்கா.

இது அவருடைய பலவீனமா? தகவல் பெருகப் பெருக மனிதனின் கவனம் வறண்டுபோகும் என்று ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எச்சரித்தார். அமெரிக்க ஆய்வாளர் குளோரியா மார்க் 2004-இல் அளந்தபோது, ஒருவரின் கவனம் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. அண்மைய ஆண்டுகளில் அது 47 விநாடிகளாகச் சுருங்கிவிட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச் சோர்வுக்கு விளக்கம் தந்தது. அது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு. அதன் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலைமீது வெறுப்பு, திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுதல்.

இளம் ஊழியர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. எந்தச் செய்தியை நாளை பார்க்கலாம் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். புதியவருக்கு எல்லாமே அவசரமாகத் தெரியும். சோதனைக் காலம் முடியாத நிலையில், பதில் தராமலிருக்கப் பயம் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஜனவரி 1 முதல், நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் கூறவேண்டும். ஆனால், வேலை முடிந்தபின் வரும் செய்திக்குப் பதில் தராமலிருக்கும் உரிமை அந்தத் திருத்தத்தில் இடம்பெறவில்லை. பிரான்சில் 2017 முதல் குறைந்தது 50 பேர் உள்ள நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளர்களுடன் பேசவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், நியாயமற்ற மறுப்பாக இல்லாதவரை, ஊழியர் பதில் தராமலிருக்கலாம்.

மருத்துவமனைக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் இது எப்படிப் பொருந்தும் என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவசர வேலைக்கு முறை வைத்து ஆள் நியமித்து, அதற்குச் சம்பளமும் தரலாம். ஒருவருக்கான செய்தியை முப்பது பேர் உள்ள குழுவில் போடுவதுதான் அவசரமே இல்லாதது.

சட்டம் வரும்வரை மாணவர்களாகிய நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. தொழிற்பயிற்சிக்கான நேர்காணலில் சம்பளத்தை மட்டும் கேட்காமல், வேலை நேரத்துக்குப் பின் செய்திகள் வருமா, எதை அவசரம் என்கிறார்கள் என்றும் கேட்போம். பாடக்குழுக்களில் இரவு பத்து மணிக்குமேல் செய்தி வேண்டாம் என்று முடிவெடுப்போம். பத்து ஆண்டுகளில் நம்மில் பலர் மேலாளர்களாக இருப்போம். இரவு பத்தரைக்கு ஓர் இளம் ஊழியரின் கைப்பேசி ஒலிக்குமா என்பதை அப்போது நாம்தான் முடிவு செய்வோம்.