கரம்பை எல்லாம் எருவா?

கோடையில் கண்மாய்கள் வற்றியதும் இராசபாளையத்தைச் சுற்றியும் திருவில்லிபுத்தூர்ப் பக்கமும் கரம்பை அள்ளும் டிராக்டர்கள் வரிசைகட்டுகின்றன. மழைநீர் கொணர்ந்த வண்டலை வயலுக்கே எருவாக்குதல் நம் உழவரின் பழைய அறிவு. மறுபயன்பாடு என்னும் சொல் ஆய்வேடுகளில் ஏறுமுன்னரே அவர்கள் அதைச் செய்து வந்தனர். 2017-இல் தமிழக அரசு விதிகளைத் தளர்த்தி, நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் எனக் கட்டணமின்றி வண்டல் அள்ள வழிசெய்தது. நல்லதே.

ஆனால், எந்தக் கண்மாயின் வண்டல்? மலையடிவாரத்து ஓடைநீர் மட்டும் புகும் கண்மாயும், நகரத்துச் சாக்கடை வந்து விழும் கண்மாயும் ஒன்றாகுமா? நூலாலைகளும், துணி வெளுக்கும் பட்டறைகளும், பழுதுபார்க்கும் கொட்டகைகளும் நிறைந்த ஊர்கள் நம்முடையவை. அனுமதிச் சீட்டு கன மீட்டரைக் கணக்கிடுகிறது. சேற்றுக்குள் இருப்பதை யார் கணக்கிடுகிறார்கள்?

காரீயம், குரோமியம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நீரில் நெடுநாள் மிதப்பதில்லை. நுண்களியையும் மட்கிய பொருளையும் பற்றிக்கொண்டு அடியில் தங்கிவிடுகின்றன. மேலே நீர் தெளிந்திருக்கும். கீழே நஞ்சு உறங்கும். காற்றுப் புகாத சேற்றில் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் அவ்வுலோகங்கள், அள்ளி உலர்த்திக் காற்றுப் பட்டதும் பிணைப்பு அவிழ்ந்து நீரில் கரையத் தொடங்குகின்றன. நாம் எருவென்று பரப்பும் அந்நாளே அது விழித்துக்கொள்ளும் நாள். ஆகவே, சேற்றில் எவ்வளவு உலோகம் உண்டு என்று அளந்தால் மட்டும் போதாது. எவ்வளவு கரைந்து வெளியேறும் என்றும் சோதித்தாக வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாயிற்று. அணைநீர் வேண்டாமென்று உழவரே நீதிமன்றம் ஏறிய விந்தை நம் மாநிலத்தில்தான் நிகழ்ந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறையை ஒரே ஆணையில் மூடலாம்; அடியில் படிந்த சேற்றை எந்த ஆணையால் மூடுவது? கடல்கடந்த ராட்டர்டாமிலும் துறைமுகச் சேற்றைக் கொண்டு ஒரு காலத்தில் தாழ்நிலங்களை மேடாக்கினர். பின்னரே அதில் நஞ்சு கண்டனர். 1987 முதல் மாசுற்ற சேற்றைச் சுலுஃப்டர் என்னும் தனித் தேக்கத்தில் அடைத்து வருகின்றனர். செல்வம் மிகுந்த நாடு தேக்கம் கட்டிக்கொண்டது. நம் சிறு உழவனுக்கோ அவன் வயலே தேக்கமாகிவிடும்.

சோதனை என்றால் செலவாகும், கோடை கடந்துவிடும் என்பர். எல்லாக் கண்மாயையும் சோதிக்க நாம் கேட்கவில்லை. சாக்கடையோ ஆலைக்கழிவோ புகும் கண்மாய்களை மட்டும் சோதியுங்கள். வற்றும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நீர் நிற்கும்போதே குழாய் இறக்கி அடிச்சேற்றை எடுக்கலாம். நஞ்சு கண்ட சேறு வயலுக்குப் போகலாகாது. சிமெண்டோடு கலந்து இறுக்கிச் செங்கல்லாக்க இயலுமா என்று பொறியியல் கல்லூரிகள் ஆராயட்டும். அந்தக் கல்லும் கசிவுச் சோதனையில் தேறிய பின்னரே சுவரேறட்டும்.

செலவு யாருடையது? மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சோதனைக் கூலியை வண்டல் கேட்டு வரும் உழவனின் தலையில் கட்டுவது அநீதி. வரும் கோடையில் சீட்டு எழுதுமுன், அந்தக் கண்மாய்க்குள் எந்தச் சாக்கடை விழுகிறது என்று வரத்துக்காலோரம் நடந்து பார்த்துவிட்டு எழுதுமாறு அதிகாரிகளைக் கேட்கிறோம்.