பாடுறது யாரு, பார்க்கிறது யாரு?



டிசம்பர் நெருங்குது. சபைகள்ல கேரல் ரவுண்ட்ஸ், ஸ்டார், குடில், ஞாயிறு பள்ளி நாடகம்னு பேச்சு ஆரம்பிச்சிருக்கும். இந்த நேரத்துல ஒரு அரசு மருத்துவரா, சபையில கடைசி பெஞ்சுல உட்கார்ந்து பாடுற ஆளா ஒரு கருத்தைச் சொல்லணும்னு தோணுது. கொஞ்சம் நீளமான பதிவு. கிறிஸ்தவர் அல்லாதவங்களும் படிக்கலாம். உங்க ஊர் பஜனைக்கும் இது பொருந்தும்.

கருத்து இதுதான்.

கையால ஒண்ணைச் செய்யறதும், வாயால ஒண்ணைப் பாடறதும் வழிபாட்டுக்கான அலங்காரம் இல்லை. அதுவே வழிபாடு. அதை நாம கொஞ்சம் கொஞ்சமா காசு கொடுத்து வெளியாள்கிட்ட ஒப்படைச்சிட்டு வர்றோம். அது சபைக்கும் நல்லதில்லை, உடம்புக்கும் நல்லதில்லை.

முதல்ல வேதாகமம்.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்துல தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர்னு ஒருத்தர் சொல்லப்படுறார். அவர் ஆசாரியர் இல்லை. ராஜாவும் இல்லை. பெசலெயேல்னு ஒரு கைவேலைக்காரர். பொன் வேலை, வெண்கல வேலை, கல் பதிக்கிறது, மரம் செதுக்கிறது, இதுதான் அவர் தொழில்.

அப்படியே 35ஆம் அதிகாரம் போங்க. பெண்கள் நூல் நூற்றுக் கொண்டு வர்றாங்க, ஆட்டு மயிரைத் திரிக்கிறாங்க. கூடாரம் அப்படித்தான் உருவாச்சு. யாரும் ரெடிமேடா வாங்கி வந்து நிறுத்தலை.

அடுத்து நம்ம மண்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நெல்லைச் சீமையில பிறந்து, சிறுவயசுலயே சுவார்ட்ஸ் ஐயரோட தஞ்சாவூர் வந்தவர். சரபோஜி மன்னரோட கூடப் படிச்சவர். குறவஞ்சிங்கிற நம்ம நாடக வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். அதுக்குள்ள சூரியனைக் கோள்கள் சுத்துற அறிவியலையும் பாட்டா வெச்சார். தான் கத்துக்கிட்ட எல்லாத்தையும் காணிக்கையா கொண்டு வந்த மனுஷர்.

ஆனா 1820களின் கடைசியில புதுசா வந்த மிஷனரிகளோட அவருக்குப் பெரிய மோதல். காரணங்கள்ல ஒண்ணு, ஆராதனையில தமிழ்க் கீர்த்தனை பாடலாமா கூடாதாங்கிறது. இன்னைக்கு யோசிச்சா வேடிக்கையா இருக்கு இல்லையா? பிறகு 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். சாஸ்திரியார் பாடல்கள் அதுல நிறைய இடம் பிடிச்சது. இன்னைக்கு கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனையை நம்மால நினைச்சே பார்க்க முடியாது.

அடுத்தவர் என் தொழிலுக்குக் கொஞ்சம் பக்கத்துல வர்றவர். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தஞ்சாவூர்ல சித்த மருத்துவர். (நான் எம்பிபிஎஸ். வைத்திய முறை விவாதம் இங்க வேண்டாம்!) பகல்ல நோயாளி, தோட்டம், மருந்து. மிச்ச நேரமெல்லாம் இசை. மருந்துல சம்பாதிச்ச காசைப் போட்டு இசை மாநாடுகள் நடத்தினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ங்கிற ஆயிரம் பக்கத்துக்கு மேல போற ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். தமிழ்ல பக்திப் பாடல்களும் இயற்றினார். ‘எனக்கு டைம் இல்லை’ன்னு நான் சொல்ல நினைக்கும்போதெல்லாம் இந்த மனுஷர் ஞாபகம் வந்து வாயை அடைச்சிடுவார்.

இப்ப ஒரு கசப்பான உண்மையையும் சொல்லணும்.

சாஸ்திரியாருக்கும் மிஷனரிகளுக்கும் நடந்த மோதல்ல இன்னொரு காரணம் சாதி. சபைக்குள்ள சாதி வழக்கத்தை விடச் சொன்னவங்களை எதிர்த்து எழுதினவர் அவர். பெரிய கவிஞர்தான், ஆனா இந்த விஷயத்துல அவர் நின்ன இடம் தப்பு. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

ஏன்னா ‘படைப்பு வழிபாடு’ன்னு சொன்ன உடனே அடுத்த கேள்வி வருது. யாருடைய படைப்பு?

கர்நாடக ராகம் உள்ளே வந்தது. பைப் ஆர்கன் வந்தது. கிட்டார், டிரம்ஸ் வந்தது. பறை மட்டும் பல சபைகள்ல ரொம்ப காலம் வாசலுக்கு வெளியேதான் நின்னுச்சு. பறையை அடிச்ச கைகளை மனசுல வெச்சுத்தான் அந்தக் கருவிக்குத் தீட்டு ஒட்ட வெச்சாங்க.

இதை நேருக்கு நேரா கேட்டவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில ஆசிரியரா இருந்த தியாபிலஸ் அப்பாவு. ‘பறட்டை’ன்னு சொன்னா பல பேருக்குத் தெரியும். 2005இல் மறைஞ்சார். நாட்டுப்புற மெட்டுல முழு வழிபாட்டையே அமைச்சவர். அவர் வாதம் எளிமையானது. கிராமத்து மெட்டை யார் வேணும்னாலும் எடுத்து, தன் கஷ்டத்துக்குத் தக்கபடி வரியை மாத்திப் பாடலாம். படிச்சுப் பாஸ் பண்ணணும்னு அவசியம் இல்லை. எல்லாரும் கொண்டு வந்த அரிசியை ஒரே உலையில போட்டுப் பொங்கித் தின்கிற மாதிரியான சபைதான் அவர் கனவு.

சரி, டாக்டர் ஏன் இதைப் பேசுறார்?

எங்க ஓபிக்கு தினமும் வர்ற அம்மாக்களைப் பாருங்க. வயசு 60ஐத் தாண்டியிருக்கும். உடம்பெல்லாம் வலி, தூக்கம் இல்லை, படபடப்பு. ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் நார்மல். “வீட்ல என்னம்மா பண்றீங்க?”ன்னு கேட்டா, “சும்மாதான் சார் இருக்கேன்”னு பதில் வரும். அந்த ‘சும்மா’ங்கிற வார்த்தைக்குள்ள எவ்வளவு தனிமை இருக்குன்னு மாத்திரை எழுதுற எங்களுக்குத் தெரியும்.

2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பத்தி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. நோய் வராம தடுக்கிறதுலயும் வந்ததைச் சமாளிக்கிறதுலயும் கலைக்குப் பங்கு இருக்குன்னு அது சொல்லுது.

2018இல் வெளியான லண்டன் ஆய்வு ஒண்ணு. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு அறிகுறி இருந்த 134 தாய்மார்கள். அறிகுறி கொஞ்சம் தீவிரமா இருந்தவங்கள்ல, குழந்தையோட குழுவா உட்கார்ந்து பாடினவங்க, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்களை விட வேகமா தேறினாங்க.

கவனிங்க, அவங்க உட்கார்ந்து பாட்டுக் கேட்கலை. பாடினாங்க.

அதுக்காக ‘பாட்டு பாடு, மாத்திரையை நிறுத்து’ன்னு நான் சொல்லவே இல்லை. மனச்சோர்வு ஒரு நோய். அதுக்குச் சிகிச்சை உண்டு. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநல மருத்துவரைப் பாருங்க. 14416 டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம். ஜெபமும் பாட்டும் மருந்தும் சேர்ந்தே போகலாம். ஒண்ணு இன்னொண்ணுக்கு எதிரி இல்லை.

இப்ப நம்ம சபைகளைப் பாருங்க. பெரிய எல்இடி திரை. கீபோர்டுல ஏற்கெனவே பதிவு செஞ்ச டிராக். மேடையில 6 பேர் பாட, கீழ 600 பேர் மொபைல்ல வீடியோ எடுக்கிறாங்க. களிமண்ணும் வைக்கோலும் போட்டு இளைஞர்கள் ராத்திரி முழுக்க கட்டின குடில், இப்ப கடையில வாங்கின பிளாஸ்டிக் செட்.

‘கடவுளுக்குச் சிறந்ததைத்தானே கொடுக்கணும்?’னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நல்ல இசைக்கு நான் எதிரி இல்லை. பயிற்சி வேணும், தரமும் வேணும். ஆனா காணிக்கைங்கிறது என்கிட்ட இருக்கிறதுல சிறந்தது. அடுத்தவரை வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறது எப்படி என் காணிக்கையாகும்? இரண்டு காசு போட்ட விதவையைத்தான் இயேசு கூப்பிட்டுக் காட்டினார்.

அதனால இந்த வருஷம் நாலு விஷயம் செஞ்சு பாருங்க:

1. மாசத்துக்கு ஒரு ஆராதனையாவது டிராக் இல்லாம, சபையார் குரலாலேயே நடக்கட்டும். சுருதி விலகினாலும் பரவாயில்லை.

2. குடில், ஸ்டார், பலிபீட விரிப்பு, இதெல்லாம் சபையார் கையாலேயே ஆகட்டும். தையல் தெரிஞ்ச அக்கா, தச்சு வேலை பார்க்கிற அண்ணன், கோலம் போடுற பாட்டி எல்லார் பேரையும் எழுதிக் கூப்பிடுங்க.

3. பறை தெரிஞ்சவங்க இருந்தா, பண்டிகை ஊர்வலத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க. ஆராதனைக்குள்ள கூப்பிடுங்க.

4. வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போனவங்க யாருன்னு பார்த்து, அவங்களுக்கு ஒரு வேலை கொடுங்க. “வாங்க, வந்து உட்காருங்க”ன்னு சொல்றதை விட, “நீங்க வந்தாதான் இந்த வேலை முடியும்”னு சொல்றதுக்குப் பலம் அதிகம்.

அடுத்த முறை ஓபியில “வீட்ல என்னம்மா பண்றீங்க?”ன்னு நான் கேட்கும்போது, “கேரல் பிராக்டிஸ் இருக்கு சார், சீக்கிரம் அனுப்பிடுங்க”ன்னு ஒரு பத்து அம்மாக்களாவது சொல்லணும்.